பிணியும் பிணைப்பும்

தமிழில் 'பிணி' என்னும் சொல்லுக்கு நோய் என்று ஒரு பொருள் உண்டு. கட்டு என்று மற்றொரு பொருளும் உண்டு. பிணித்தல் என்றால் கட்டுதல். நோயுற்றவனைக் கட்டுண்டவனாக நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். 'பிணைப்பு' என்பதும் இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அச்சொல்லைக் கேட்கும்போது நம் நினைவுக்கு வருவது உறவு. மனம் நொந்தவர்களை நம் நாடு கடந்த இருநூறு ஆண்டுகளாக நடத்திவந்த வரலாற்றை, இவ்விரு சொற்களுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு பயணம் என்று கூறலாம். அப்பயணம் இன்னும் முடிவுறவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் வ. புதுப்பட்டியிலோ வத்திராயிருப்பிலோ ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே செல்வது என்று எவரும் கேட்பதில்லை. திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதே வீட்டில் ஒருவர் உறக்கமின்றி இரவெல்லாம் முற்றத்தில் நடந்தால், உண்ண மறுத்து மூலையில் சுருண்டு கிடந்தால், எதற்காக வாழ வேண்டும் என்று ஓயாமல் கேட்டால், குடும்பம் திகைத்து நிற்கிறது. பயந்த கோளாறு என்கிறார் ஒருவர். காத்துக் கருப்பு என்கிறார் மற்றொருவர். செய்வினை என்கிறார் வேறொருவர். மணவயதுப் பெண்ணாக இருந்தால் செய்தி வெளியே போகாதபடி மூடப்படுகிறது. நூற்பாலையில் இரவுப்பணி பார்க்கும் இளைஞனாக இருந்தால், ஒரு கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. கத்தோலிக்கராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். இந்த மூடுதலுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 19,834 பேர். இந்திய மாநிலங்களில் மராட்டியத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

சுவரும் சங்கிலியும்

1794-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கொனொலி, சென்னையில் மனம் பிறழ்ந்தோருக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பரந்த நிலப்பரப்பில் புதிய காப்பகம் எழுந்தது. மக்கள் பேச்சில் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாக மாறிப்போனதை நாம் அறிவோம். அக்காலக் காப்பகங்களின் முதல் நோக்கம் பாதுகாப்பு: நோயாளியிடமிருந்து ஊரைப் பாதுகாப்பது, நோயாளியை அவரிடமிருந்தே பாதுகாப்பது. அதற்குச் சுவர் போதுமானதாகத் தோன்றியது. சுவருக்குள் அவரோடு யார் பேசுவது என்ற கேள்வி எழவில்லை.

அதே காலத்தில், 1796-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சமயத்தார் ஓர் இல்லத்தைத் திறந்தார்கள். அங்கே நோயாளிகள் விருந்தினரைப் போல் மதிக்கப்பட்டனர். அவர்களோடு ஒரே மேசையில் உண்பதும், தோட்டத்தில் வேலை செய்வதும், பொறுமையாகப் பேசுவதுமே மருத்துவமாகக் கருதப்பட்டன. இந்த எண்ணம் நம் நாட்டுக் காப்பகங்களில் வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961-இல் தலைமையேற்று 1978-இல் ஓய்வு பெறும்வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், மனநல மருத்துவத்தில் ஈடுபட்ட இந்தியப் பெண்களில் முன்னோடி. குணமடைந்தவர் திரும்பிச் செல்ல ஒரு வீடும், செய்ய ஒரு வேலையும், பேச ஒரு மனிதரும் வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்து, 2021 டிசம்பரில் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும்வரை அக்கருத்துக்காகவே வாழ்ந்தார்.

எனினும் சங்கிலி மறையவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் மாண்டனர். அன்று நம் ஆலயங்களில் ஆண்டவரின் உருமாற்ற விழா. மலைமேல் மனித முகம் கதிரவனைப் போல் ஒளிர்ந்ததை நாம் கொண்டாடிக்கொண்டிருந்த காலையில், நம் அண்டை மாவட்டத்தில் மனித முகங்கள் கருகின. இவ்விரண்டையும் சேர்த்து நினையாமல் அந்த விழாவை இனி ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் கொண்டாடுவது கடினம். அந்த நிகழ்ச்சியை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது.

உடன் தங்கியவர்கள்

ஏர்வாடிக்குத் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். நம்பிக்கையோடு ஒரு புனித இடத்துக்கு வந்து தங்குவது தமிழ் மண்ணின் பழைய வழக்கம். தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டியில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு மனம் கலங்கியோரை அழைத்துவந்து, அவர்களோடு உடன் தங்கியிருக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். சமயம் கடந்து இது நிகழ்கிறது.

இவ்வழக்கத்தை அறிவியல் கண்கொண்டு பார்த்தவர்களும் உண்டு. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய கடும் மனநோயாளர்கள் 31 பேரை, பெங்களூரைச் சேர்ந்த மருத்துவர் ரகுராமும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தனர். அம்முடிவுகள் 2002-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தன. அங்கே தனிப்பட்ட மந்திரமோ சடங்கோ இல்லை. நோயாளியோடு அவருடைய உறவினர் ஒருவர் தங்கவேண்டும், கோயிலில் சிறு சிறு வேலைகளைச் செய்யவேண்டும், அவ்வளவே. சராசரியாக ஆறு வாரம் தங்கிய அவர்களிடம் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆறுதல் தரும் சூழலையே ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகச் சுட்டினர். இதைக் கொண்டு மருந்து வேண்டாம் என்று முடிவு கட்டலாகாது. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு மருந்து இன்றியமையாதது. உறவு என்பது அலங்காரமன்று, அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதே இங்கே நாம் கற்கும் பாடம்.

நம் திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. பெல்ஜியம் நாட்டின் கேல் என்னும் ஊரில் மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் திருத்தலம் இருக்கிறது. இடைக்காலத்தில் அங்கு வந்த நோயாளிகளுக்குக் கோயில் வளாகத்தில் இடம் போதாதபோது, ஊர் மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டனர். குடும்பத்தில் ஒருவராக அவர்கள் உண்டார்கள், உழுதார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1930-களின் இறுதியில் இவ்வாறு கேல் நகரத்து இல்லங்களில் வாழ்ந்தவர்கள் 3,700 பேருக்கும் மேல். அந்த வழக்கம் அளவில் சுருங்கிவிட்டாலும் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது.

நம் நாட்டில் 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கனடா நாட்டு மறைப்பணி மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் மனநலப் பணிக்கு அடித்தளம் இட்டார். 1957-இல் பாகாயத்தில் உருவான மனநல மையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது நெறியாயிற்று. உடன் தங்கிய தாயும் தந்தையும் அங்கே நோயைப் பற்றிக் கற்றார்கள். எப்போது பேசுவது, எப்போது பொறுத்திருப்பது என்று பழகினார்கள். வீடு திரும்பிய பிறகும் நலம் நிலைத்திருக்க அதுவே வழி வகுத்தது.

தேநீர் கொடுத்தவர்கள்

குடும்பமே காயத்துக்குக் காரணமாகிவிட்டால்? யாரிடமும் சொல்ல முடியாத துயரமாக இருந்தால்? அப்போது வெளியிலிருந்து ஒரு துணை தேவைப்படுகிறது.

ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா, 1935-இல் தாம் நிறைவேற்றிய முதல் அடக்கச் சடங்கை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று அஞ்சி, கேட்பதற்கு ஆளின்றித் தன் உயிரைப் போக்கிக்கொண்டவள். 1953-இல் அவர் இலண்டன் மாநகரில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக எண்ணுபவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகியது. அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அருகில் அமர்ந்து பேச்சுக்குச் செவிகொடுக்கத் தொண்டர்கள் முன்வந்தனர். சில காலத்துக்குள் வாரா ஒன்றைக் கவனித்தார். தொண்டர்களிடம் பேசி முடித்த பலர், குருவைப் பார்க்காமலே மனம் தெளிந்து வீடு திரும்பினர். அவர் அதனால் வருந்தவில்லை. செவிமடுக்கும் பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரியர்கள்' என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது.

அந்த மரபைச் சார்ந்து 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். கட்டணம் இல்லை, கேட்டது வெளியே போவதில்லை, தீர்ப்பும் இல்லை. ஈழத்தில் போரின் நடுவே யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' போன்ற அமைப்புகள் இதே பணியைக் குண்டுவீச்சுகளுக்கு இடையே செய்தன.

இப்பணிக்குத் தமிழர் வைத்த பெயர்களும் சிந்திக்கத்தக்கவை. ஈழத்தார் இதனை உளவளத்துணை என்றனர். 'துணை' என்பதில் உடன் நடப்பவரின் பொருள் இருக்கிறது. நம் திருச்சபை வட்டாரங்களில் ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். ஆறு என்றால் வழி. சங்கப் புலவர் பாடிய ஆற்றுப்படைகளில், வள்ளலிடம் பரிசு பெற்று வறுமை நீங்கிய கலைஞன் ஒருவன், எதிரே பசியோடு வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி காட்டுகிறான். தானும் நடந்த வழியாதலால் அதன் மேடுபள்ளங்களை அவன் அறிவான்.

மாற்றம் எவ்வாறு நிலைக்கிறது

ஒருவர் சொல்வதைக் கேட்பதால் எப்படி நோய் தீரும் என்று பலர் ஐயுறுகின்றனர். அமெரிக்க உளவியலார் காரல் ராஜர்ஸ் இளமையில் நியூயார்க் இறையியல் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பயின்று, பின்னர் உளவியலுக்கு வந்தவர். 1957-இல் அவர் எழுதிய கட்டுரை, மனிதர் மாறுவதற்குத் தேவையான சூழலை விளக்கியது. ஆற்றுப்படுத்துபவர் வேடமின்றி உண்மையாக இருக்கவேண்டும். எதிரே இருப்பவரை நிபந்தனையின்றி மதிக்கவேண்டும். அவருடைய உலகத்தை அவருடைய கண்களால் பார்க்க முயலவேண்டும். அறிவுரை இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, 1946-இல், ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்னும் உளமருத்துவர் ஓர் இலக்கியச் சான்றைக் கையாண்டார். விக்தர் ஹ்யூகோவின் புதினத்தை நம்மவர் 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதியாரின் தமிழிலும், 1950-இல் வந்த திரைப்படத்திலும் அறிந்திருக்கின்றனர். பத்தொன்பது ஆண்டு சிறையில் வெந்த ஜீன் வால்ஜீன், தனக்கு அடைக்கலம் தந்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிச் செல்கிறான். காவலர் பிடித்துவந்தபோது, அவை தாம் கொடுத்தவை என்று கூறும் ஆயர் வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துத் தருகிறார். உலகம் தன்னை அடிக்கும் என்று மட்டுமே கற்றிருந்த மனம், எதிர்பாராத அந்த நன்மையின் முன் நிலைகுலைந்து மாறத் தொடங்குகிறது. உளமருத்துவ அறையிலும் நிகழ்வது இதுவே என்றார் அலெக்சாண்டர். பழைய காயம் பழைய பதிலையே எதிர்பார்க்கிறது. புதிய பதில் வரும்போது காயம் ஆறத் தொடங்குகிறது.

வால்ஜீனின் மனம் ஒரே நிகழ்ச்சியில் திரும்பியது. நம் போன்றோருக்கு அது பல மாதங்களின் வேலை. குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார். நாம் கோபப்பட்டாலும் அடுத்த வாரம் அங்கே இருக்கிறார். அழுதால் அதட்டுவதில்லை, மௌனமாக இருந்தால் அவசரப்படுத்துவதில்லை. தந்தையின் ஏச்சையே கேட்டு வளர்ந்த ஒருவர், தம்மைப் பற்றி வேறு விதமாகப் பேசும் ஒரு குரலை அங்கே வாராவாரம் கேட்கிறார். சிறிது சிறிதாக அக்குரல் அவருக்குள்ளேயே ஒலிக்கத் தொடங்குகிறது. ஆற்றுப்படுத்துபவரிடம் செல்வதை நிறுத்திய பின்பும் அது நிற்பதில்லை.

இதற்கு மாடமாளிகை தேவையில்லை என்பதைக் கோவா மாநிலத்தில் 'சங்காத்' என்னும் அமைப்பு மெய்ப்பித்தது. கடும் மனச்சோர்வுற்ற 495 பேர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இவ்வாய்வில் பங்குகொண்டனர். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற எளிய மனிதர்களே ஆற்றுப்படுத்தினர். ஆறு முதல் எட்டு அமர்வுகள். முடங்கிக் கிடந்தவரைச் சிறிய நற்செயல்களில் மீண்டும் இறங்கச் செய்யும் எளிய முறை. 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் இத்துணையைப் பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினர் மனச்சோர்வினின்று மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 39 விழுக்காட்டினரே. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்நன்மை நிலைத்திருந்தது.

ஒப்புரவும் ஆற்றுப்படுத்துதலும்

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதாதா என்று நம் மக்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஒப்புரவு அருட்சாதனத்தில் இறைவன் பாவத்தை மன்னிக்கிறார். அம்மன்னிப்பு அக்கணமே முழுமையானது. ஆனால் சிறுவயதில் அடிபட்டு வளர்ந்தவர், வன்முறைக்கு ஆளான பெண், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஆகியோரின் துயரம் பாவமன்று, அது புண். புண்ணுக்கு மன்னிப்பு மருந்தாவதில்லை. புண்ணைப் பாவமென்று எண்ணித் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர் மேலும் நோகிறார்.

மதுரை மிஷனின் வழியாக நம் பகுதிக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த இயேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியாரே இதற்குச் சான்று. 1522-இல் மன்ரேசாவில் பழைய பாவங்களை எத்தனை முறை அறிக்கையிட்டும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்து வாட்டியது. அந்த இருளிலிருந்து மீண்ட அவர், பிற்காலத்தில் தம் ஆன்மீகப் பயிற்சிகளை வகுத்தபோது, தனிமையில் வாட விடாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணையை அமைத்தார். சோர்ந்திருப்பவரிடம் அத்துணைவர் கடுமை காட்டாமல் மென்மையாக நடக்கவேண்டும் என்றும் விதித்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், அருள்பணியில் இறையியலோடு உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்துமாறு பணித்தது. ஆகவே ஆற்றுப்படுத்துபவரிடம் செல்லும் கிறிஸ்தவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர். இரண்டு பணிகளின் எல்லைகளும் வேறு. ஒப்புரவின் முத்திரையை எக்காரணத்தாலும் உடைக்கலாகாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஆற்றுப்படுத்துபவரும் இரகசியம் காப்பவரே. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் உதவியை அழைக்கும் கடமை அவருக்கு உண்டு.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை பல. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருப்பதை மக்களுக்கு அறிவிக்கலாம். 2022 அக்டோபர் முதல் நடுவண் அரசு நடத்தும் 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணை ஆலய முகப்பில் எழுதி வைக்கலாம். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அன்பியக் கூட்டங்களில் தீர்ப்பிடாமல் செவிமடுக்கப் பழகலாம். முதல் முறை மருத்துவரிடம் செல்லத் தயங்குபவரோடு பேருந்தில் உடன் செல்ல ஒருவர் இருந்தால், அது பாதி மருத்துவம்.

இறைவாக்கினர் எலியா ஒருநாள் சூரைச் செடியின் கீழ் அமர்ந்து சாகவேண்டும் என்று மன்றாடியதை அரசர் முதல் நூல் கூறுகிறது. இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதர் தொட்டு எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். உறங்க விட்டு, மீண்டும் வந்து எழுப்பினார். நாற்பது நாள் நடந்து மலையை அடைந்தபின், இங்கே என்ன செய்கிறாய் என்று இறைவன் அவரை இருமுறை கேட்டார். எலியா இருமுறையும் ஒரே துயரத்தை ஒரே சொற்களில் கொட்டினார். இறைவன் இருமுறையும் பொறுமையாகக் கேட்டார். அதன்பின் அவருக்குப் பணியும் கொடுத்தார், எலிசாவையும் கொடுத்தார். தான் ஒருவன் மட்டுமே எஞ்சியிருப்பதாகப் புலம்பிய மனிதர், இனித் தனியே நடக்க வேண்டியிருக்கவில்லை.